கத்திரி வெயிலில் பிறந்த குழந்தைக்கு என்ன உடுத்துவது?

ஏப்ரல் கடைசியில் பிரசவ தேதி என்று தெரிந்த நாளிலிருந்து எனக்கு அறிவுரை சொல்லாதவர்களே இல்லை. எந்தப் பக்கம் ஒருக்களித்துப் படுக்க வேண்டும், எதைச் சாப்பிடக் கூடாது, மருத்துவமனைப் பையில் என்னென்ன எடுத்து வைக்க வேண்டும் என்று ஆளாளுக்குச் சொன்னார்கள். வேலூர் வெயிலில் அந்தப் பச்சைக் குழந்தைக்கு என்ன உடுத்துவது என்பதை மட்டும் யாரும் யோசித்துச் சொல்லவில்லை. கேட்டபோதெல்லாம் கிடைத்த பதில் ஒன்றுதான்: ‘நன்றாகப் போர்த்தி வைத்துக்கொள்.’ அந்தப் பதிலை நம்பி நடந்ததால் என் மகள் பிறந்த முதல் வாரத்திலேயே மீண்டும் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டாள். அவளுடைய புறங்கையில் ஊசி செருகி, அது அசையாமலிருக்க அட்டை வைத்துக் கட்டியிருந்ததைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது, ‘இதை ஒருவராவது முன்கூட்டியே சொல்லியிருக்கக் கூடாதா’ என்று எனக்குக் கோபமும் அழுகையும் சேர்ந்து வந்தன. கோடையில் பிள்ளை பெறப்போகிறவர்களுக்கு அந்த நிலை வரக் கூடாது என்றுதான் இதை விரிவாக எழுதுகிறேன்.

என் வீட்டு நிலையைச் சொன்னால்தான் நடந்தது புரியும். கணவர் ராணுவத்தில் இருக்கிறார். பிரசவத்துக்கு வந்துவிட்டு உடனே எல்லைக்குத் திரும்ப வேண்டியிருந்தது. என் அம்மா நான் கல்லூரியில் படிக்கும்போதே காலமாகிவிட்டார். ஆரணிப் பக்கம் இருக்கும் மாமியாருக்கு அந்த மாதம்தான் கண் அறுவை சிகிச்சை. ஆகவே சத்துவாச்சாரியில் வாடகை வீட்டில் நானும் அப்பாவும்தான். மாடி வீடு, தலைக்கு மேல் நேராக மொட்டை மாடி. அந்த ஆண்டு 2024. ஏப்ரல் கடைசியிலும் மே முதல் வாரத்திலும் தமிழ்நாடு எப்படிக் கொதித்தது என்பது பலருக்கு நினைவிருக்கும். அக்னி நட்சத்திரம் மே 4-ஆம் தேதிதான் தொடங்கியது. அதற்கு முன்பே வேலூரில் வெயில் 43 டிகிரி செல்சியஸைத் தாண்டிவிட்டது. எங்கள் ஊரைச் சுற்றி நிற்பவை எல்லாம் பாறைக் குன்றுகள். பகல் முழுவதும் காய்ந்த பாறையும் கான்கிரீட்டும் இரவில்தான் சூட்டைக் கக்கும். நடுநிசியில்கூடச் சுவரில் கை வைத்தால் வெதுவெதுப்பாக இருந்தது.

குழந்தைக்கு வேண்டியதை வாங்கப் போன பெரிய துணிக்கடையில் ‘நியூபார்ன் செட்’ என்று ஒரு பெட்டியைக் காட்டினார்கள். குல்லா, கையுறை, காலுறை, முழுக்கைச் சட்டை, தலையோடு சேர்த்து மூடும் மெத்மெத்தென்ற போர்வை, பஞ்சு வைத்த படுக்கை, அதற்கு ஏற்ற தலையணை. எல்லாம் சேர்த்து 5,600 ரூபாய். தொட்டுப் பார்த்தால் மிருதுவாக இருந்தது; மிருதுவாக இருந்தால் குழந்தைக்கு நல்லது என்று யாருக்கும் தோன்றும். அந்தப் போர்வை ஃப்ளீஸ் துணி. ஃப்ளீஸ் என்பது பெரும்பாலும் பாலியெஸ்டர், குளிர் நாட்டில் சூட்டைப் பிடித்து வைப்பதற்காகச் செய்யப்படுவது. அதைச் சித்திரை மாதத்தில், மின்விசிறிக் காற்றே அனலாக அடிக்கும் ஊரில், பிறந்த குழந்தைக்கென்று விற்கிறார்கள். திருப்பிக் கொடுக்கப் போனபோது குழந்தைத் துணிகளை மாற்றித் தர மாட்டோம் என்றார்கள். அந்தப் பெட்டியிலிருந்து கோடை முடியும் வரை எனக்கு உதவியது ஒரே ஒரு சட்டைதான்.

குழந்தை அறுவை சிகிச்சையில் பிறந்தாள், எடை 2.9 கிலோ. வார்டு முழுவதும் ஏசி. செவிலியர் மிகுந்த அக்கறையோடு குல்லா போட்டு, கை கால் உறை மாட்டி, துணியில் சுற்றி என் பக்கத்தில் கிடத்தினார். எப்படிச் சுற்றுவது என்று எனக்கும் கற்றுக்கொடுத்தார். அவர் செய்தது சரிதான் என்பதை இங்கே அழுத்திச் சொல்ல வேண்டும். ஈரத்தோடு பிறக்கும் குழந்தையின் உடல் சூடு முதல் சில மணி நேரத்தில் மளமளவென்று இறங்கும். உடம்பின் மொத்தத் தோல் பரப்பில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு தலைதான் என்பதால் குல்லாவும் அப்போது அவசியம். ஆனால் டிஸ்சார்ஜ் ஆகும் நாளில் மருந்துச் சீட்டை விளக்கியவர்கள், தடுப்பூசி அட்டையைக் கொடுத்தவர்கள், தாய்ப்பால் பற்றிப் பேசியவர்கள் யாரும், ‘இந்த உடுப்பு இந்த ஏசி அறைக்கானது, வீட்டுக்குப் போனதும் கழற்றிவிடு’ என்று சொல்லவில்லை. வார்டில் பார்த்ததைத்தானே புதிதாகத் தாயான ஒருத்தி வீட்டிலும் செய்வாள்?

வீட்டுக்கு வந்த அன்றே குடியாத்தத்திலிருந்து அப்பாவின் அக்கா வந்தார். அத்தை இல்லாவிட்டால் அந்த நாட்களை நான் தாண்டியிருக்க முடியாது. சமைத்ததும் துவைத்ததும் அவர்தான். ஆனால் அத்தைக்கு ஒரே பயம், காற்று. “பச்சை உடம்பு கண்ணு, உனக்கும் காற்று படக் கூடாது, குழந்தைக்கும் படக் கூடாது” என்று ஜன்னலைச் சாத்தினார், மின்விசிறியை நிறுத்தினார், என் காதில் பஞ்சு வைத்தார். மாலையில் சாம்பிராணி போட்டதும் அறை இன்னும் இறுகியது. குழந்தையின் கையும் காலும் தொட்டால் ஜில்லென்றிருந்தன. அதைப் பார்த்து இன்னொரு துணி சுற்றினோம். குழந்தை அழுதால் வயிற்றுவலி என்றார்கள், அழாமல் தூங்கினால் சமர்த்து என்றார்கள். பிறகு ஒரு நாள் அத்தை பேச்சுவாக்கில் சொன்னார், அவர் பிள்ளை பெற்றதெல்லாம் நாட்டு ஓடு வேய்ந்த, மண் சுவர் வீட்டிலாம். கோடையிலும் உள்ளே குளுமையாக இருக்குமாம். அந்த வீட்டுக்கு அவர் சொன்ன பக்குவம் பொருந்தியிருக்கும். மருத்துவமனையின் பக்குவம் ஏசி வார்டுக்குப் பொருந்தும். இரண்டையும் சேர்த்து ஒரு மொட்டை மாடி வீட்டுக்குக் கொண்டுவந்ததில்தான் எங்களுக்கு ஆபத்து வந்தது.

முதலில் தெரிந்தது கழுத்து மடிப்பில். ரவையைத் தூவியது போலச் சிறுசிறு கொப்புளங்கள், உள்ளே தெளிந்த நீர். மறுநாள் நெஞ்சிலும் முதுகிலும் அவை சிவந்துவிட்டன. வியர்வைக் குழாய்கள் அடைபட்டு வரும் வேர்க்குருதான் அது. பச்சைக் குழந்தைக்கு அந்தக் குழாய்கள் இன்னும் முழுதாக வளர்ந்திருக்காது என்பதால் சீக்கிரம் அடைத்துக்கொள்ளும். பக்கத்து வீட்டில் பவுடர் போடச் சொன்னார்கள். போட்டோம், மடிப்பில் வியர்வையோடு குழைந்து பசையாக ஒட்டிக்கொண்டது. இதைத் தயவுசெய்து செய்யாதீர்கள். பவுடர் தோலை இன்னும் அடைக்கும், அதன் தூள் மூச்சோடு உள்ளே போனால் நுரையீரலுக்கும் கேடு.

அதன்பின் ஒரு நண்பகலில் குழந்தை பால் குடிக்க எழவில்லை. காதைத் தடவினேன், உள்ளங்காலைச் சுண்டினேன், வாயில் மார்பை வைத்தால் இரண்டு முறை சப்பிவிட்டு விட்டுவிட்டாள். கோவணத் துணியை அவிழ்த்தால் ஈரமே இல்லை, செங்கல் நிறத்தில் ஒரு கறை மட்டும் இருந்தது. ரத்தமோ என்று உயிரே போய்விட்டது. அது சிறுநீர் மிகவும் அடர்ந்து போவதால் படியும் உப்பு என்பதைப் பின்னால்தான் தெரிந்துகொண்டேன். பிறந்த ஓரிரு நாளில் அப்படிக் கொஞ்சம் தெரிவது வழக்கம். அதற்குப் பிறகும் வந்தால் குழந்தைக்குப் பால் போதவில்லை என்று பொருள். அக்குளில் தெர்மாமீட்டர் வைத்தேன். 101 டிகிரி ஃபாரன்ஹீட். அப்பா சட்டைகூட மாற்றாமல் ஆட்டோ பிடித்து வந்தார். போகும் வழியில் வெயில் படக் கூடாதென்று அந்த ஃப்ளீஸ் போர்வையாலேயே குழந்தையை மூடிக்கொண்டேன். அந்த நேரத்தில் என் கைக்கு எட்டியது அதுதான்.

குழந்தை மருத்துவர் முதலில் செய்த வேலை துணிகள் அனைத்தையும் அவிழ்த்ததுதான். எடை பார்த்தார்கள், பிறந்தபோது இருந்ததைவிடப் பத்து சதவீதத்துக்கு மேல் குறைந்திருந்தது. நான் நினைத்தது, சூடு இறங்கியதும் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள் என்று. அங்கேதான் எனக்குத் தெரியாத ஒன்றைத் தெரிந்துகொண்டேன். ஒரு மாதம்கூட ஆகாத குழந்தைக்கு 100.4 டிகிரி, அதாவது 38 செல்சியஸ், அல்லது அதற்கு மேல் காய்ச்சல் இருந்தால், அது வெயிலால் வந்ததா கிருமியால் வந்ததா என்று வெளிப்பார்வையில் சொல்ல எந்த மருத்துவராலும் முடியாது. கிருமி ரத்தத்தில் கலந்திருந்தால் சில மணி நேரத் தாமதமும் உயிருக்கு ஆபத்து. அதனால் சேர்த்துக்கொண்டு, ரத்தம் எடுத்து, அதில் கிருமி வளர்கிறதா என்று பார்க்கும் கல்ச்சர் சோதனைக்கு அனுப்பி, முடிவு வரும் வரை ஆன்டிபயாடிக் ஊசி போடுவார்கள். அத்தனை சிறிய கையில் நரம்பு கிடைக்காமல் மறுபடி மறுபடி குத்தியதை நான் கதவுக்கு வெளியே நின்று கேட்டேன். அந்த அழுகைச் சத்தம் இப்போதும் சில இரவுகளில் என்னை எழுப்புகிறது. கடைசியில் கல்ச்சரில் கிருமி எதுவும் இல்லை. ரத்தத்தில் சோடியம் என்னும் உப்பு கூடியிருந்தது. சூட்டாலும் நீர்ச்சத்துக் குறைவாலும் வந்த காய்ச்சல் என்று சொன்னார்கள். மருத்துவமனைச் செலவு 23,000 ரூபாயைத் தாண்டியது. என் தையல் காயம் ஆறாமல் மேலும் பல நாள் இழுத்தது. பணம் திரும்பி வரும். குழந்தையோடு அமைதியாகக் கழிய வேண்டிய அந்த முதல் நாட்கள் திரும்பி வரவில்லை.

இரண்டாம் நாள் இரவு வார்டு சுற்றுக்கு வந்த மருத்துவர், கூட்டம் இல்லாததால் உட்கார்ந்து பேசினார். குழந்தையின் கை காலைத் தொட்டு எதையும் முடிவு செய்யாதீர்கள் என்பதுதான் அவர் முதலில் சொன்னது. பிறந்த குழந்தைக்கு விரல் நுனி வரை ரத்த ஓட்டம் இன்னும் சீராகாது. கையும் காலும் எப்போதும் சற்றுக் குளிர்ந்தே இருக்கும். பிடரியிலோ நெஞ்சிலோ வயிற்றிலோ உங்கள் புறங்கையை வைத்துப் பாருங்கள். இதமாக, உலர்ந்து இருந்தால் சரி. பிசுபிசுத்தாலோ சுட்டாலோ துணி அதிகம். முகம் சிவந்திருப்பது, மூச்சு வேகமாக ஓடுவது, காரணம் தெரியாமல் நச்சரிப்பது எல்லாம் அதே சேதியைத்தான் சொல்கின்றன. வழக்கத்துக்கு மாறாகத் துவண்டு தூங்குவது எல்லாவற்றிலும் மோசம். சமர்த்தாகத் தூங்குகிறது என்று நாங்கள் மகிழ்ந்தது அந்தத் தூக்கத்தைத்தான்.

வீட்டில் டிஜிட்டல் தெர்மாமீட்டர் ஒன்று கட்டாயம் இருக்கட்டும். அக்குளில் 97.7 முதல் 99.5 வரை இருப்பது இயல்பு. அதைவிடக் கொஞ்சம் ஏறி, குழந்தை விழிப்பாக இருந்து நன்றாகப் பாலும் குடித்தால், துணியை அவிழ்த்து, காற்றோட்டமான இடத்தில் வைத்து, பால் கொடுத்து, கால் மணி நேரம் கழித்து மீண்டும் பார்க்கலாம். 100.4-ஐத் தொட்டாலோ, காய்ச்சலே இல்லாவிட்டாலும் பால் குடிக்காமல் கிடந்தாலோ, அந்தக் கால் மணி நேரமும் காத்திருக்க வேண்டாம். நேராக மருத்துவரிடம் போங்கள். வண்டி கிடைக்காவிட்டால் 108-ஐக் கூப்பிடுங்கள். மருத்துவர் சொல்லாமல் காய்ச்சல் சொட்டு மருந்து கொடுக்கவே கூடாது. கொடுத்தால் சூடு இறங்கிவிடும், நோய் உள்ளே மறைந்துகொள்ளும்.

அடுத்தது உடை. வயதைப் பார்த்து உடுத்தாதீர்கள், அறையைப் பார்த்து உடுத்துங்கள். நான் நானூறு ரூபாய் கொடுத்து அறை வெப்பம் காட்டும் சிறு கருவி ஒன்றை வாங்கிக் குழந்தை படுக்கும் இடத்துக்கு அருகில் மாட்டினேன். செலவு செய்ததில் மிக உருப்படியானது அதுதான். அறை 32, 33 டிகிரிக்கு மேல் இருந்தால் ஒரு கோவணத் துணியும், வேண்டுமானால் கையில்லாத மெல்லிய பருத்திச் சட்டையும் போதும். வெறும் கோவணத்தோடு கிடந்தாலும் குழந்தைக்கு ஒன்றும் ஆகாது. 30-ஐ ஒட்டி இருந்தால் அரைக்கை ஜப்லா ஒன்று. ஏசியை 26, 27-இல் வைத்தால் மெல்லிய முழுக்கைச் சட்டையும் நெஞ்சுவரை ஒரு பருத்தித் துணியும். எதிலும் குல்லா, கையுறை, காலுறை தேவைப்படவில்லை. முகத்தைக் கீறிக்கொள்கிறது என்றால் தூங்கும்போது நகத்தை வெட்டிவிடுங்கள். கையுறையில் விரல் சூடு வெளியேற வழியில்லை, உள்ளிருக்கும் நூல் பிரிந்து விரலைச் சுற்றி இறுக்கும் ஆபத்தும் உண்டு. இதெல்லாம் நிறைமாதத்தில் நல்ல எடையோடு பிறந்த குழந்தைக்கு. 37 வாரத்துக்கு முன் பிறந்ததோ இரண்டரைக் கிலோவுக்குக் குறைந்ததோ என்றால் அந்தக் குழந்தைக்குச் சூடு சீக்கிரம் இறங்கும். அதற்கு உங்கள் மருத்துவர் சொல்வதைத்தான் கேட்க வேண்டும்.

ஒன்றை இங்கே சேர்த்துச் சொல்ல வேண்டும். எங்கள் மாடி அறை பிற்பகலில் 37-ஐத் தொட்டது. உடம்புச் சூட்டுக்கு நிகரான அறையில் துணியே இல்லாமல் படுத்தாலும் சூடு வெளியே போக இடமில்லை. பெரியவர்களுக்கு வியர்த்துக் கொட்டி உடம்பு ஆறும். பச்சைக் குழந்தைக்கு அந்த அளவுக்கு வியர்க்கத் தெரியாது. அப்போது துணியைக் குறைப்பது மட்டும் போதாது, இடத்தை மாற்ற வேண்டும். வீட்டுக்காரரின் கீழ் போர்ஷனில் ஒரு அறை காலியாக இருந்தது. அந்த மாதத்துக்கு மட்டும் 3,000 ரூபாய் கூடுதலாகக் கொடுத்து அங்கே இறங்கினோம். அதே வீட்டில் தரைத்தளமும் மாடியும் பிற்பகலில் நான்கைந்து டிகிரி வித்தியாசம் காட்டின. ஏர் கூலர் ஒன்று வாங்கினோம். வேலூர் போன்ற வறண்ட வெயிலுக்கு அது நன்றாக வேலை செய்யும், ஆனால் ஜன்னல் திறந்திருக்க வேண்டும். மூடிய அறையில் ஈரம் தங்கிப் புழுக்கமாகிவிடும். கடலோர ஊர்களில் ஏற்கெனவே காற்றில் ஈரம் இருப்பதால் கூலரைவிட மின்விசிறியும் ஏசியும் மேல். எதுவானாலும் காற்று குழந்தையின் முகத்தில் நேராக அடிக்காமல் அறையில் சுற்றினால் போதும்.

துணிக்கு நான் கண்ட சிறந்த பொருள் அப்பாவின் பழைய வேட்டி. எங்கள் பக்கம் பெயர் சூட்டும் வரை குழந்தைக்குப் புதுத் துணி போட மாட்டார்கள். பெரியவர்கள் உடுத்திய பழைய துணியைத்தான் கிழித்துப் போடுவார்கள். நூறு முறை துவைத்த வேட்டி எவ்வளவு மெலிந்து, வியர்வையை எவ்வளவு சட்டென்று இழுத்துக்கொள்கிறது என்பதைப் பார்த்தபோது அந்த வழக்கத்தின் அருமை எனக்குப் புரிந்தது. ஆனால் அதிலும் ஒரு கண்ணி இருந்தது. அப்பா டிரங்குப் பெட்டியைத் திறந்ததும் அறை முழுக்க அந்துருண்டை வாசனை. மருத்துவமனையில் ஒரு செவிலியர் சொன்னது நினைவுக்கு வந்து அப்படியே நிறுத்திவிட்டேன். அந்துருண்டையில் இருக்கும் நாஃப்தலீன் பட்ட துணியைப் பிறந்த குழந்தைக்கு உடுத்தினால், ஜி6பிடி என்னும் நொதிக் குறைபாடு உள்ள குழந்தைகளுக்கு ரத்த அணுக்கள் உடைந்து மஞ்சள் காமாலை கடுமையாகிவிடும். குறைபாடு இருக்கிறதா என்பது பெரும்பாலும் வீட்டில் யாருக்கும் தெரியாது. ஆகவே அந்துருண்டை போட்டு வைத்த துணி, எவ்வளவு மெல்லியதானாலும், பச்சைக் குழந்தைக்கு வேண்டாம். அப்பா கொடியில் தொங்கிய, அன்றாடம் கட்டிக்கொண்டிருந்த வேட்டிகளைக் கொடுத்தார். வெந்நீரில் அலசி, கஞ்சியும் நீலமும் போடாமல் வெயிலில் காயவைத்து, தெருமுனைத் தையல்காரரிடம் கொடுத்தேன். முன்பக்கம் நாடா வைத்து முடிச்சுப் போடும் சட்டையாக, தையல் வெளிப்பக்கம் வருமாறு தைத்துக் கொடுத்தார். ஒன்றுக்கு முப்பது ரூபாய் வாங்கினார்.

கடையில் வாங்குவதானால் வேலூர் லாங் பஜாரில் மல்மல் என்னும் மெல்லிய பருத்தித் துணி மீட்டர் கணக்கில் கிடைக்கும். அதில் தைத்துக்கொள்வது ஆயத்த உடையைவிட மலிவு. ஆயத்த உடையில் ‘காட்டன்’ என்று கடைக்காரர் சொல்வதை நம்பாமல் உள்ளே தைத்திருக்கும் சீட்டைப் படியுங்கள். பாலியெஸ்டர் கலந்திருந்தால் அதில் எழுதியிருக்கும். சீட்டே இல்லையென்றால், வாங்கிய பின் ஓரத்திலிருந்து ஒரு நூலை உருவி அடுப்புக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். பருத்தி காகிதம் எரியும் வாசனையோடு சாம்பலாகும். பாலியெஸ்டர் உருகிக் கடினமான உருண்டையாகும். தலைவழியாகப் போடும் சட்டை கழுத்து நிற்காத குழந்தைக்குப் போராட்டம், முன்பக்கம் திறப்பதையே வாங்குங்கள். இடுப்பில் எலாஸ்டிக் வேண்டாம். கழுத்துச் சீட்டையும் வெட்டிவிடுங்கள், வேர்க்குரு அங்கேதான் முதலில் புண்ணாகும். எப்படியும் ஒரு நாளைக்குப் பத்துப் பன்னிரண்டு முறை மாற்ற வேண்டியிருக்கும். விலை உயர்ந்த மூன்று சட்டைகளைவிட எளிய பத்துச் சட்டைகள் மேல்.

உடம்பின் மேல் இருப்பதை மட்டும் பார்த்தால் போதாது, கீழே இருப்பதையும் பார்க்க வேண்டும். என் மகளின் முதுகு முழுக்க வேர்க்குரு வந்ததற்குச் சட்டை காரணமில்லை, படுக்கைக்கு மேல் விரித்திருந்த ரப்பர் ஷீட். அதன்மேல் ஒற்றைத் துணிதான் போட்டிருந்தோம். பஞ்சு மெத்தையை எடுத்துவிட்டுக் கோரைப்பாயில் பருத்தித் துணியை நன்றாக மடித்து விரித்ததும் முதுகு ஆறத் தொடங்கியது. தலையணை வேண்டாம், மல்லாக்கப் படுக்க வையுங்கள். தூளி எங்கள் ஊரில் இல்லாமல் இருக்காது. நைலான் புடவையில் கட்டிய தூளி சூட்டை அப்படியே பிடித்து வைக்கும், பழைய நூல் புடவையில் கட்டினால் காற்று ஊடுருவும்; அதிலும் குழந்தையின் முகம் துணிக்குள் புதையாமல், தாடை நெஞ்சில் அழுந்தாமல் இருக்கிறதா என்று ஆள் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். கொசுவுக்குப் பயந்து துணி கூட்டாதீர்கள். கொசுவலை போதும், களிம்பும் புகையும் இந்த வயதுக்கு ஆகாது.

டயப்பரை இரவுக்கும் வெளியே போகும் நேரத்துக்கும் மட்டும் வைத்துக்கொண்டேன். பகலில் கோவணத் துணிதான், அவ்வப்போது அதுவும் இல்லாமல் காற்றாட விட்டேன். அரைஞாண் கயிற்றுக்கும் கழுத்துப் பாசிமணிக்கும் அடியில் வியர்வை தேங்கிப் புண்ணாகும். அத்தை மனம் நோகாமல், வேர்க்குரு மறையும் வரை அவற்றைச் சாமி படத்தடியில் வைத்துவிடலாம் என்றேன்; அவரே கழற்றிக் கொடுத்தார். எண்ணெய் தேய்ப்பதைக் கோடையில் விட்டுவிட்டோம். தினமும் வெதுவெதுப்பான நீரில் சுருக்கமாக ஒரு குளியல், பிற்பகலில் ஈரத் துணியால் கழுத்து, அக்குள், தொடை மடிப்புகளைத் துடைத்து உலர்த்துவது, அவ்வளவுதான். மிகக் குளிர்ந்த நீரோ ஐஸோ கூடாது. தாகம் எடுக்குமே என்று தண்ணீரோ சர்க்கரைத் தண்ணீரோ கொடுக்கச் சொல்பவர்கள் வருவார்கள். ஆறு மாதம் வரை தாய்ப்பால் மட்டும்தான்; வெயில் நாளில் இன்னும் அடிக்கடி கொடுக்க வேண்டும், அதற்குத் தாய் நிறையத் தண்ணீர் குடிக்க வேண்டும். ‘பச்சை உடம்பு, தண்ணீர் குடித்தால் வயிறு போடும்’ என்று எனக்கு அளந்து கொடுத்தார்கள். அதைக் கேட்டு நடக்காதீர்கள். ஐந்தாம் நாளுக்குப் பிறகு குழந்தை ஒரு நாளில் ஆறு முறையாவது சிறுநீர் கழிக்கிறதா என்று எண்ணிக்கொண்டே இருங்கள்.

பார்க்க வருகிறவர்களைச் சமாளிப்பது தனிப் பாடு. உள்ளே நுழைந்ததும், “ஐயோ, குழந்தைக்கு ஒரு துணிகூடச் சுற்றவில்லையே” என்பார்கள். நான் பேசிப் பேசி ஓய்ந்துபோனேன். பிறகு அப்பா ஒரு வழி கண்டுபிடித்தார். வந்தவரைச் சுவரில் மாட்டிய வெப்பக் கருவியின் முன் அழைத்துப் போய்க் காட்டுவார், “நீங்கள் இப்போது ஸ்வெட்டர் போட்டுக்கொள்வீர்களா?” என்று கேட்பார். கோபமாக இல்லை, மரியாதையாகவே கேட்பார். அதன்பின் யாரும் வாதாடியதில்லை. நீங்கள் பிரசவித்த உடம்போடு இந்தப் போராட்டத்தையும் நடத்த வேண்டாம். வீட்டில் ஒருவரை முன்கூட்டியே இதற்குத் தயார் செய்துவிடுங்கள்.

ஆறாவது வாரத் தடுப்பூசிக்கு ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போனபோது ஜூன் மாதம், வெயில் தணிந்தபாடில்லை. காலையில் முதல் ஆளாகப் போய்விட்டு வெயில் ஏறும் முன் திரும்பிவிடுவது நல்லது. ஆட்டோவில் போகும்போது மெல்லிய, தொளதொளப்பான முழுக்கைச் சட்டை போடுங்கள். வெயில் தோலில் நேராகப் படாது, காற்றும் உள்ளே போகும். முகத்தைத் துணியால் மூடாமல் குடையால் மறையுங்கள். ஊசியைப் பெரும்பாலும் தொடையில் போடுவதால் காலைச் சட்டென்று திறக்க முடிகிற உடுப்பாக இருக்கட்டும். அன்று மாலை உடம்பு சற்றுச் சுடலாம். காய்ச்சல் என்றதும் கம்பளியைத் தேடும் கைகள் வீட்டில் இருக்கும். அன்றைக்குத்தான் துணி இன்னும் குறைவாக இருக்க வேண்டும். காய்ச்சல் மருந்து எவ்வளவு, எப்போது என்பதை அங்கேயே செவிலியரிடம் கேட்டு அட்டையில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். எந்த அளவுக்கு மேல் போனால் திரும்ப வர வேண்டும் என்பதையும் அதன் பக்கத்திலேயே எழுதச் சொல்லுங்கள்.